விடுதலைக்குப் பிறகும் விடை கிடைக்காத வழக்குகள்

2024 பிப்ரவரி மாதத்தில் இரண்டு செய்திகள் நம் சமூகத்தில் அதிகம் பேசப்பட்டன. 2-ஆம் தேதி, முன்னாள் பிரதமர் டத்தோஸ்ரீ நஜிப் ரசாக்கின் 12 ஆண்டு சிறைத்தண்டனை 6 ஆண்டாகவும், 21 கோடி வெள்ளி அபராதம் 5 கோடி வெள்ளியாகவும் குறைக்கப்பட்டதாகக் கூட்டரசுப் பிரதேச மன்னிப்பு வாரியம் அறிவித்தது. 28-ஆம் தேதி, ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 31 ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்து, 2022-இல் விடுவிக்கப்பட்ட சாந்தன் சென்னை மருத்துவமனையில் இறந்துபோனார். அந்த மருத்துவமனையின் பெயர் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை.

இரண்டுக்கும் தொடர்பில்லை என்றுதான் முதலில் தோன்றும். ஒன்று பொதுப்பணம் சம்பந்தப்பட்ட வழக்கு, மற்றது ஒரு நாட்டின் முன்னாள் பிரதமர் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்ட வழக்கு. ஆனால் சுங்கை காடுட் கம்யூட்டர் நிலையத்தை ஒட்டிய பகுதியிலும், துவாங்கு ஜாபார் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறவர்கள் காலையில் தேநீர் குடிக்கும் கடைகளிலும் இந்த இரண்டையும் ஒரே மூச்சில்தான் பேசிக்கொண்டார்கள். நஜிப்பை விடக்கூடாது என்று மேசையைத் தட்டியவர்களில் சிலர், பேரறிவாளனை விட்டது சரிதான் என்றார்கள். பேரறிவாளனைப் பற்றிக் கேள்விப்படாத இளைஞர்கள், பெரிய மனிதர் என்றால் ஒரு நியாயம், நம்மாட்கள் என்றால் ஒரு நியாயம் என்று முடித்துக்கொண்டார்கள். 'அவர் செய்தாரா?' என்ற கேள்வியும் 'இருந்தது போதுமா?' என்ற கேள்வியும் இந்தப் பேச்சில் ஒன்றாகக் கலந்துவிட்டன.

இந்தக் குழப்பத்தில் எங்களைப் போன்ற செய்தியாளர்களுக்கும், நாம் பேசும் மொழிக்கும் ஒரு பங்கு உண்டு. குற்றம் செய்யவில்லை என்று நீதிமன்றம் சொன்னாலும் 'விடுதலை' என்று எழுதுகிறோம். தண்டனைக் காலம் முடிந்து ஒருவர் வெளியே வந்தாலும் 'விடுதலை'தான். அரசர் மன்னித்து அனுப்பினாலும் அதே சொல். நாடு அடிமைத்தளை நீங்கியதற்கும் அதுவே. தமிழ் படித்தவன் என்ற முறையில் இந்தச் சொல்லின் அகலம் எனக்குப் பிடிக்கும். செய்தி மேசையில் உட்காரும்போதுதான் சிக்கல். பேரறிவாளன் விடுதலை என்ற தலைப்பைப் படித்தவர்களில் பலர், அவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்துவிட்டதாகவே இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி ஒரு தீர்ப்பு வரவில்லை.

நடந்தது என்ன என்பதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். 1991 மே 21-ஆம் தேதி இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். ஜூன் 11-ஆம் தேதி பேரறிவாளன் பிடிபட்டபோது அவருக்கு வயது 19. வெடிகுண்டில் பயன்பட்டதாகச் சொல்லப்பட்ட ஒன்பது வோல்ட் பேட்டரிகள் இரண்டை வாங்கிக் கொடுத்தார் என்பது அவர் மீதான குற்றச்சாட்டின் மையம். 1998 ஜனவரியில் தடா நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்ட 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரை விடுவித்து, மூவரின் தண்டனையை ஆயுளாகக் குறைத்து, நளினி, முருகன், சாந்தன், பேரறிவாளன் ஆகிய நால்வருக்குத் தூக்கை உறுதிசெய்தது.

ஒரே வழக்கில் தூக்கு விதிக்கப்பட்ட 26 பேரில் 19 பேர் வெளியே வந்தார்கள் என்பதே கீழ் நீதிமன்றத் தீர்ப்பின் தரத்தைப் பற்றி ஓரளவு சொல்லிவிடும். அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. தடா சட்டத்தின்படியான பயங்கரவாதக் குற்றம் இவ்வழக்கில் நிரூபிக்கப்படவில்லை என்றது உச்ச நீதிமன்றம். ஆனால் அதே தடா சட்டத்தைப் பயன்படுத்திப் போலீஸ் அதிகாரி பதிவுசெய்த ஒப்புதல் வாக்குமூலங்களைச் சாட்சியமாக ஏற்றுக்கொண்டது. சாதாரண இந்தியச் சட்டத்தில் போலீஸ் அதிகாரியிடம் கொடுக்கும் வாக்குமூலம் செல்லாது. தடா மட்டுமே அதற்கு இடம்கொடுத்தது. கூரை பறந்த பிறகும் ஏணி மட்டும் அந்தரத்தில் நின்றது போன்ற நிலை அது.

அந்த வாக்குமூலத்தை எழுதி எடுத்தவர் மத்தியப் புலனாய்வுத் துறை அதிகாரி வி. தியாகராஜன். ஓய்வுபெற்ற பிறகு, 2013-இல், அவர் ஒன்றைச் சொன்னார். பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது எனப் பேரறிவாளன் கூறியதாகவும், அந்த வரியைத் தான் பதிவு செய்யவில்லை என்றும். பின்னர் இதையே உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரமாகவும் கொடுத்தார். பேட்டரி வாங்கிக் கொடுப்பது குற்றமில்லை. எதற்கு என்று தெரிந்து வாங்கிக் கொடுப்பதுதான் குற்றம். ஆக, விடுபட்டது ஒரு வரிதான் என்றாலும் வழக்கே அந்த வரியில்தான் இருந்தது. 1999 தீர்ப்பை வழங்கிய அமர்வுக்குத் தலைமை தாங்கிய நீதிபதி கே.டி. தாமஸும் பின்னாளில் இந்தத் தண்டனைகளைப் பற்றித் தன் உறுத்தலை வெளிப்படையாகப் பேசினார். 2017-இல் சோனியா காந்திக்குக் கடிதம் எழுதி, பெருந்தன்மை காட்டும்படி கேட்டுக்கொண்டார்.

இவ்வளவும் நடந்த பிறகு எந்த நீதிமன்றமாவது இந்தக் கேள்வியை மீண்டும் திறந்து பார்த்ததா? இல்லை. 2014 பிப்ரவரியில் தூக்கு ஆயுளாகக் குறைந்ததற்குக் காரணம், கருணை மனுவின் மீது முடிவெடுக்க 11 ஆண்டு தாமதம் ஆனது. 2022 மே 18-ஆம் தேதி பேரறிவாளன் வெளியே வந்ததற்கும் காரணம் தாமதம்தான். 2018 செப்டம்பரில் தமிழக அமைச்சரவை எழுவரையும் விடுவிக்கப் பரிந்துரைத்தது. ஆளுநர் அதன் மேல் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் உட்கார்ந்திருந்துவிட்டு, கோப்பைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். அமைச்சரவையின் ஆலோசனைக்கு ஆளுநர் கட்டுப்பட்டவர், அப்படி அனுப்ப அவருக்கு அதிகாரமில்லை என்று சொன்ன உச்ச நீதிமன்றம், அரசியலமைப்பின் 142-ஆவது பிரிவைப் பயன்படுத்தித் தானே விடுவித்தது. நீண்ட சிறைவாசம், நன்னடத்தை, உடல்நிலை, உள்ளே இருந்தபடி படித்த படிப்பு ஆகியவையும் கணக்கில் வந்தன. தியாகராஜன் விட்டுவிட்ட வரிக்கு அந்தத் தீர்ப்பில் வேலை இருக்கவில்லை. ஆவணங்களில் இன்றும் பேரறிவாளன் தண்டனை பெற்ற குற்றவாளிதான்.

எதிர்த்தரப்பை ஒதுக்கிவிட்டு இதைப் பேச முடியாது. அன்று ராஜீவோடு மேலும் 14 பேர் இறந்தார்கள். பாதுகாப்புக்கு நின்ற போலீஸ்காரர்கள் அவர்களில் உண்டு. உடலில் குண்டுச் சிதறல்களோடு உயிர்பிழைத்தவர்களும் உண்டு. 2022 மே மாதம் சென்னையில் முதலமைச்சர் பேரறிவாளனைக் கட்டியணைத்து வரவேற்ற படம் வெளியானபோது, அந்தக் குடும்பங்களுக்கு எப்படி இருந்திருக்கும்? தமிழகக் காங்கிரஸார் மறுநாள் வாயில் வெள்ளைத்துணி கட்டிப் போராடியதை நாம் கேலி செய்துவிட்டுக் கடந்துபோகலாம். இறந்த போலீஸ்காரரின் பிள்ளையை அப்படிக் கடந்துபோக முடியாது. வழக்கை மீண்டும் திறந்து, இன்னார் இன்னது செய்தார், இன்னது செய்யவில்லை என்று ஒரு தீர்ப்பு வந்திருந்தால் அந்தப் பிள்ளைக்கும் ஒரு பதில் கிடைத்திருக்கும். அணைப்பும் ஆர்ப்பாட்டமும் மட்டும் கிடைத்தன. தாயார் அற்புதம்மாள் 31 ஆண்டுகள் அலைந்ததும் மகன் நிரபராதி என்று நிலைநாட்டத்தான். அவருக்கு மகன் கிடைத்தார், அந்தத் தீர்ப்பு கிடைக்கவில்லை.

மீதி ஆறு பேர் அதே ஆண்டு நவம்பர் 11-ஆம் தேதி விடுவிக்கப்பட்டார்கள். அவர்களில் இலங்கையரான நால்வரைச் சிறையிலிருந்து நேரே திருச்சி சிறப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். கதவு மாறியது, பூட்டு மாறவில்லை. யாழ்ப்பாணத்தில் இருக்கும் வயதான தாயைப் பார்க்க வேண்டும் என்று சாந்தன் கேட்டுக்கொண்டே இருந்தார். ஊருக்குப் போகப் பயண அனுமதி கைக்கு வந்த சில நாள்களில் கல்லீரல் செயலிழந்து இறந்தார். தாயிடம் போய்ச் சேர்ந்தது உடல்தான். அவர் இறந்த நேரத்தில் முருகன், ராபர்ட் பயஸ், ஜெயக்குமார் மூவரும் அதே முகாமில் இருந்தார்கள்.

இனி நம் ஊருக்கு வருவோம். நெகிரி செம்பிலான்காரர்களுக்கு மன்னிப்பு விவாதம் புதிதல்ல. 1982 ஏப்ரலில், பொதுத்தேர்தலுக்குச் சில நாள்களுக்கு முன், மாநிலச் சட்டமன்ற சபாநாயகர் டத்தோ தாஹா தாலிப் கெமெஞ்சேயில் சுட்டுக்கொல்லப்பட்டார். அந்த வழக்கில் 1983-இல் மரண தண்டனை பெற்றவர் அப்போதைய மத்திய அமைச்சர் டத்தோ மொக்தார் ஹாஷிம். குற்றத்தை அவர் மறுத்தார். மேல்முறையீட்டில் தோற்றார். பிறகு அரச மன்னிப்பால் தூக்கு ஆயுளாகக் குறைந்தது. 1991-இல் வெளியே வந்தார். பேரறிவாளன் உள்ளே போன அதே ஆண்டு.

மொக்தாருக்குக் கிடைத்தது தனக்கும் கிடைக்குமா என்று கேட்டவர் சிம் கீ சோன் என்ற சாமானியர். துப்பாக்கி வைத்திருந்ததாக உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மரண தண்டனை பெற்றவர். அவர் யாரையும் கொன்றதாகத் தண்டனை இல்லை. கொலைக்குத் தண்டனை பெற்ற அமைச்சர் பிழைக்கும்போது நான் ஏன் சாக வேண்டும் என்பதுதான் அவருடைய வாதத்தின் சாரம். அரச கருணை என்பது உரிமை கோரிப் பெறுவதில்லை, அதை ஆராய்வது நீதிமன்றத்தின் வேலை இல்லை என்று பதில் வந்தது. 1986-இல் தூக்கிலிடப்பட்டார். மன்னிப்பு வாரிய முடிவுகளைப் பற்றிய வழக்குகளில் இன்றுவரை அவர் பெயர் மேற்கோளாக வந்துகொண்டிருக்கிறது.

சட்டம் எப்படி இருக்கிறது என்றால், கூட்டரசு அரசியலமைப்பின் 42-ஆவது விதிப்படி மாநிலத்தில் நடந்த குற்றத்துக்கு அந்த மாநில ஆட்சியாளர், கூட்டரசுப் பிரதேசத்தில் நடந்ததற்கு மாமன்னர். சிரம்பானில் நடந்த குற்றத்துக்கு மனு யாங் டி பெர்துவான் பெசாரிடம் போகும். வாரியத்தில் சட்டத்துறைத் தலைவரும் மந்திரி பெசாரும் நியமன உறுப்பினர்களும் இருப்பார்கள். கூட்டத்துக்கு ஆட்சியாளர் தலைமை தாங்குவார். காரணம் சொல்ல வேண்டும் என்ற விதி கிடையாது.

நஜிப் விவகாரத்தில் மக்களை உறுத்துவது இதுதான் என்று நினைக்கிறேன். எஸ்ஆர்சி வழக்கில் 4 கோடியே 20 லட்சம் வெள்ளி தொடர்பான குற்றங்களுக்கு 2020 ஜூலையில் உயர் நீதிமன்றம் தண்டித்தது. 2022 ஆகஸ்டு 23-ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் உறுதிசெய்தது. அன்றே காஜாங் சிறைக்குப் போனார். கடைசிக் கட்டத்தில் மாற்றிய வழக்கறிஞர்களுக்குத் தயாராக அவகாசம் தரவில்லை, அதனால் விசாரணை நியாயமாக நடக்கவில்லை என்பது அவர் தரப்பின் வாதம். 2023 மார்ச் 31-ஆம் தேதி, ஐந்து நீதிபதிகளில் நால்வர் அதை நிராகரித்தார்கள். நீதிபதி அப்துல் ரஹ்மான் செப்லி மட்டும் நஜிப்பை விடுவிக்க வேண்டும் என்றார். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், நால்வர் ஏன் மறுத்தார்கள், ஒருவர் ஏன் ஏற்றார் என்பது எழுத்தில் இருக்கிறது. யாரும் படித்துச் சண்டை போடலாம். அடுத்த ஆண்டு ஜனவரி 29-ஆம் தேதி கூடிய மன்னிப்பு வாரியம் தண்டனையைப் பாதியாக்கியது. எதற்காகப் பாதி? அந்த ஒற்றை நீதிபதியின் கருத்தில் நியாயம் இருப்பதாக வாரியம் நினைத்ததா, அல்லது முன்னாள் பிரதமர் என்ற சேவைக்கான சலுகையா? அறிவிப்பில் விடை இல்லை. முழு மன்னிப்பு கேட்ட அம்னோகாரர்களுக்கும் மனக்குறை, குறைத்ததே தவறு என்றவர்களுக்கும் கோபம்.

என் கருத்தைக் கேட்டால், அந்தத் தண்டனையைக் குறைத்திருக்கக் கூடாது. தண்டனையில் கால்பங்குகூட முடியாத நிலையில், வேறு பெரிய வழக்குகள் நடந்துகொண்டிருந்த ஒருவருக்கு இந்தச் சலுகை தேவைப்படவில்லை. ஆனால் அவர் தரப்பு எழுப்பும் விசாரணைக் குறைபாட்டை யாரும் கேட்கவே கூடாது என்று சொல்பவர்களோடு நான் சேரமாட்டேன். அதைக் கேட்டு எழுத்தில் பதில் சொல்லும் இடம் நீதிமன்றம். அங்கே அது கேட்கப்பட்டது.

நம் வாசகர்களுக்கு இதில் நஜிப்பைவிட நெருக்கமான பங்கு ஒன்று இருக்கிறது. கட்டாய மரண தண்டனை 2023-இல் நீக்கப்பட்டதைத் தொடர்ந்து, ஏற்கெனவே மரண தண்டனையும் சாகும்வரை சிறையும் பெற்ற ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் தண்டனையைக் கூட்டரசு நீதிமன்றம் மறுஆய்வு செய்தது. 2023 நவம்பரில் விசாரணைகள் தொடங்கின. தூக்கு நீங்கினால் 30 முதல் 40 ஆண்டுவரை சிறை. கைதான நாளிலிருந்து அதைக் கணக்கிட்டால் சிலர் விரைவிலேயே வீடு திரும்பக்கூடிய நிலை இருந்தது. நல்ல சட்டம், தாமதமாக வந்த சட்டம். ஆனால் தண்டனையை மட்டும்தான் இது பார்த்தது. பையில் போதைப்பொருள் இருந்தது எனக்குத் தெரியாது என்று முதல் நாளிலிருந்து சொல்லிவரும் ஒருவர் இந்த விசாரணையில் அதைப் பேச முடியவில்லை. பேச வேண்டியிருந்தது குடும்பச் சூழல், உடல்நிலை, சிறையில் நன்னடத்தை. மன்னிப்பு மனுவிலும் அப்படியே. வருந்துகிறேன், திருந்திவிட்டேன் என்று எழுதினால் மனு எடுபடும். செய்யாதவன் எதற்கு வருந்துவது? தோட்டத்திலிருந்து தாமானுக்கு வந்து மூன்று தலைமுறை ஆகியும் வழக்கறிஞர் கட்டணத்துக்குச் சீட்டுப் பணத்தை எடுக்கும் குடும்பங்களில், 'எப்படியாவது வெளியே வந்தால் போதும்' என்று உண்மையை விட்டுக்கொடுத்து மனு எழுதுவதுதான் நடக்கிறது. அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது.

இங்கிலாந்தில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். பர்மிங்காம் மதுக்கூடங்களில் 1974-இல் குண்டு வைத்ததாக ஆறு ஐரிஷ்காரர்களுக்கு ஆயுள் தண்டனை விதித்தார்கள். அங்கும் அடித்து வாங்கியதாகச் சொல்லப்பட்ட ஒப்புதல் வாக்குமூலம், அங்கும் போலீஸ் குறிப்புகளில் கைவைத்த சந்தேகம். 16 ஆண்டுகளுக்குப் பின், 1991 மார்ச் மாதம், மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பையே ரத்து செய்தது. அவர்களுக்குக் கிடைத்தது கருணையோ குறைப்போ இல்லை, குற்றத்தீர்ப்பே செல்லாது என்ற அறிவிப்பு. அந்தச் சங்கடத்திலிருந்து பிறந்த குற்றவழக்கு மறுஆய்வு ஆணையம் 1997-இல் செயல்படத் தொடங்கியது. மேல்முறையீடு எல்லாம் முடிந்த கைதியும் அதற்கு எழுதலாம். ஆணையமே கோப்புகளை வாங்கி ஆராய்ந்து, ஐயம் வலுவாக இருந்தால் வழக்கை நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பும். அந்த ஆணையமும் மெதுவானது, குறைகள் உள்ளது என்று அங்கேயே திட்டுகிறார்கள். இருந்தாலும் 'அவர் செய்தாரா?' என்று கேட்க ஒரு கதவு இருக்கிறது. இங்கே கூட்டரசு நீதிமன்றம் முடித்துவிட்டால், மிக அரிதான மறுஆய்வு மனுவை விட்டால், அரண்மனைக் கதவு மட்டுமே.

கண்ணகியை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. எல்லாரும் அவள் கோபத்தைப் பேசுகிறோம். அவள் அவையில் செய்தது சாட்சியத்தை மறுஆய்வு செய்ததுதான். என் சிலம்பில் மாணிக்கம் என்றாள், அரசியின் சிலம்பில் முத்து என்றான் பாண்டியன், அவள் உடைத்துக் காட்டினாள். பாண்டியனிடம் அவள் கருணை கேட்கவே இல்லை.

சந்தேகத்தின் பேரில் உள்ளே போவது எவ்வளவு எளிது என்பதைச் சிரம்பான் வட்டாரம் 2019-இல் கண்ணெதிரே பார்த்தது. விடுதலைப்புலிகளோடு தொடர்பு என்று அக்டோபரில் 12 பேரை சொஸ்மா சட்டத்தில் கைது செய்தார்கள். சிரம்பான் ஜெயா சட்டமன்ற உறுப்பினர் பி. குணசேகரனும் மலாக்கா காடேக் உறுப்பினர் ஜி. சாமிநாதனும் அவர்களில் இருவர். ஜாமீன் கிடையாது என்ற சொஸ்மா பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று நவம்பரில் உயர் நீதிமன்ற நீதிபதி நஸ்லான் தீர்ப்பளித்தார் (எஸ்ஆர்சி வழக்கில் நஜிப்பைத் தண்டித்தவரும் இவரே). அப்படியும் வழக்கு முடியவில்லை. 2020 பிப்ரவரியில் சட்டத்துறைத் தலைவர் குற்றச்சாட்டுகளை மீட்டுக்கொண்ட பிறகுதான் பன்னிருவர் மீதான வழக்கும் ஒரு முடிவுக்கு வந்தது. நான்கு மாதம். அவர்களுக்காகக் குரல் கொடுக்கக் கட்சி இருந்தது, வழக்கறிஞர்கள் இருந்தார்கள், நாளிதழ்கள் இருந்தன.

அப்படி யாரும் இல்லாத ஒருவரின் கோப்பு எங்கே போகும் என்று மனிதவளத்தையும் சமூக நலனையும் பேசும் நம் சட்டமன்ற உறுப்பினர்கள் கேட்டதாக எனக்கு நினைவில்லை. தண்டனை மறுஆய்வு விசாரணைகள் நடந்த காலத்திலேயே கேட்டிருக்க வேண்டும். மறுஆய்வு ஆணையம் வேண்டும் என்பது பெரிய கோரிக்கை, சட்டத்திருத்தம் தேவைப்படும். மன்னிப்பு வாரியம் தன் முடிவுக்குக் காரணத்தை ஒரு பக்கத்தில் எழுதி வெளியிடுவது அவ்வளவு பெரிய வேலை இல்லை.

நஜிப் 2028 ஆகஸ்டு 23-ஆம் தேதி வெளியே வருவார், 5 கோடி வெள்ளியைக் கட்டாவிட்டால் இன்னும் ஓராண்டு கூடும் என்றது வாரியத்தின் 2024 அறிக்கை. அவர் வெளியே வரும் நாளில் செய்தி மேசையில் யார் இருந்தாலும், தலைப்பில் 'விடுதலை' என்று போடுவதற்கு முன் எந்த விடுதலை என்று ஒரு சொல் சேர்த்துப் போடட்டும்.